ஒத்தை மெட்டி

“கால்ல மெட்டி இல்லேன்னா கல்யாணமும் இல்லண்ணே” என்று சொல்லி, முந்தானை முடிச்சிலிருந்த வெள்ளி மெட்டிகளைப் பெஞ்சின்மேல் வைத்தாள் பாக்கியலெட்சுமி. மகன் ஜெயகுமார் விரும்பிய பெண்ணைப் பேசி முடிக்க, மகனோடு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தாள்.

பெண்ணின் அப்பா அந்தோனிப்பிள்ளை மசியவில்லை. “சர்ச்சுல கையில மோதிரம் போடுவாங்க தங்கச்சி. அதோட சரி. கால்ல குண்டுமணி வெள்ளி படக்கூடாது.”

“மோதிரம்லாம் ஆகாது. வேலைக்குப் போறப்ப கழட்டி வைப்பாளுக, அப்பிடியே மறந்துருவாளுக. மெட்டிய எவளும் கழட்ட மாட்டா.”

“வேதக்காரங்க மெட்டி போடுறதில்ல.”

“இந்த லயத்துலயே அடுத்த காம்பரா வீட்டு றோசாலி அக்கா வேதக்காரவங்கதானே? அவங்க கால்ல கெடக்கே.”

அந்தோனிப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தோட்டத்திலேயே வியர்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். “றோசாலி வேற, நாங்க வேற” என்றார்.

அப்போது நிஷாலினி தேத்தண்ணீரோடு வந்தாள். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரின் கை விரல் நுனிவரை இறங்கியிருந்தது. சொக்ஸ் போட்ட வலது காலிலிருந்து ரப்பர் செருப்பு நழுவி வழியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தாள், மறுபடியும் நழுவியது.

“சொக்ஸ் போட்டா செருப்பு நிக்காது” என்றார் அந்தோனிப்பிள்ளை, யாரும் கேட்காமலே.

“இடது கால்ல நிக்குதே” என்றாள் பாக்கியலெட்சுமி.

ஜெயகுமார் தேத்தண்ணீரை அப்படியே பெஞ்சில் வைத்தான். போன வருஷம் தேயிலை ஃபேக்டரி ரோலரில் நிஷாலினியின் கை மாட்டியபோது, லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன் அவன்தான். “இப்ப கை நல்லாருச்சு” என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தான். இவளை விட்டால் அவனுக்கு வேறு கல்யாணமே வேண்டாம்.

“அம்மா, கொஞ்சம் எறங்கி வாயேன்” என்று கெஞ்சினான்.

பாக்கியலெட்சுமி ஒரு மெட்டியை எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டாள். “சரி. ஊர்ல யாரும் கேள்விப்படாத சங்கதி, ஒத்த மெட்டி. பெருவெரலுக்கு அடுத்த வெரல்ல போடுவோம். எந்தக் காலுன்னு நீங்களே சொல்லுங்க. மோதிரம் மட்டும் கூடாது.”

“ஒத்தையும் வேணாம். மோதிரம் மட்டுந்தான்.”

“அப்ப நாங்க வாறோம். எந்திரிடா.”

ஜெயகுமார் எழுந்திருக்கவில்லை. நிஷாலினிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “நில்லுங்க அத்தை” என்று வலது கால் சொக்ஸை உருவத் தொடங்கினாள்.

“வேணாம் புள்ள” என்றார் அந்தோனிப்பிள்ளை. இந்தக் காலைப் பார்த்தால் யாரும் தன் மகளைக் கட்ட மாட்டார்கள் என்ற பயத்தைத்தான் மனுஷன் இவ்வளவு நேரமும் வேதத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

சொக்ஸ் கழன்றது. பெருவிரலை அடுத்து வெறும் இடைவெளி, அப்புறம் நேரே நடுவிரல். பாக்கியலெட்சுமி மெட்டியும் கையுமாகக் குனிந்து தேடிப் பார்த்தாள்.

“அந்த வெரலு எங்க புள்ள?”

நிஷாலினி ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில், குட்டை நகத்தோடு ஒரு கால் விரல் நின்றது.

“ரோலர்ல போன வெரலுக்குப் பதிலா, டாக்டர் அத எடுத்து இங்க வச்சுத் தச்சிட்டாரு அத்தை” என்றாள்.

பாக்கியலெட்சுமி அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். நிஷாலினி கையை இருவருக்கும் நடுவில் நீட்டினாள்.

“மோதிரமோ மெட்டியோ, இதுல ஒண்ணு போட்டா போதும்.”