நடு ஸ்டேஷன்

ரயில் வந்து நின்றது. கதவு திறந்து கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போனது. அதில் அந்தப் பெண் இல்லை.

தையல்காரி நான்காம் தூணை விட்டு நகரவில்லை. இது மூன்றாவது வண்டி.

நடைமேடையின் மறுபக்கம், அவள் ஏற வேண்டிய வண்டியும் மூன்று முறை வந்து போய்விட்டது. எட்டரைக்குத் தையல் கம்பெனியில் கேட்டை மூடிவிடுவார்கள். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை என்றால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லி நான்கு நாள்தான் ஆகிறது. அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

இருந்தாலும் நின்றாள். இன்று அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு வந்தவள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதினெட்டு வருடமாகக் குடும்பம் நடத்தும் கணவனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வான்.

விஷயம் இதுதான்.

தையல்காரிக்கு வீடு கிழக்குக் கோடியில், வேலை மேற்குக் கோடியில். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வீடு மேற்கே, வேலை கிழக்கே. முன்பெல்லாம் எங்கே போனாலும் ஒரே கட்டணம். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு புத்திசாலி, போகிற தூரத்துக்கு ஏற்ற காசுதான் நியாயம் என்று கண்டுபிடித்தார். வாடகை கட்டுப்படியாகாமல் ஊர்க் கோடிக்கு ஓடியவர்களிடம் ஓடிய தூரத்துக்கும் சேர்த்து வசூல். அந்தப் புத்திசாலியின் வீடு ஆபீசிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்திருக்கும்.

அப்போதுதான் இருவரும் இந்த வித்தையைப் பிடித்தார்கள்.

பாதி வழியில், நடு ஸ்டேஷனில் இறங்குவது. நான்காம் தூணருகே பயணக் கார்டை மாற்றிக்கொள்வது. பிறகு அவரவர் வழியில் வண்டி ஏறுவது. கிழக்கே உள்ளே நுழைந்த கார்டு கிழக்கிலேயே வெளியேறும். மேற்கே நுழைந்தது மேற்கிலேயே வெளியேறும். ஊரைக் குறுக்கே கடந்தவர்களிடம் ஒரே ஒரு ஸ்டேஷன் போன காசைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் வழிவிடும். மாலையில் இதே தூணருகே அவரவர் கார்டு அவரவர் கைக்குத் திரும்பிவிடும்.

திருட்டு என்று தெரியும். முதலில் திருடியது யார் என்பதில்தான் தையல்காரிக்குக் கருத்து வேறுபாடு.

மாட்டிக்கொண்டால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அதனால் பேரும் போன் நம்பரும் கேட்டுக்கொள்வதில்லை என்று முதல் நாளே பேசி வைத்தார்கள். மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். மாமியாரின் முட்டி வலி, மகனுக்கு ஏறாத கணக்கு, பல்லைப் பிடுங்கும்போது மட்டும் பாட்டு முணுமுணுக்கும் டாக்டர். ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் கார்டை மாற்றவே மறந்து வண்டி ஏறி, இரண்டு பேரும் முழுக் கட்டணத்தையும் தண்டம் அழுதார்கள். அன்று மாலை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் இன்னொரு வண்டியும் போனது.

நான்காவது வண்டி வந்தது. அதிலும் இல்லை.

காவலாளி இரண்டாம் முறையாக அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

காய்ச்சலாக இருக்குமோ. மாமியார் எங்கேயாவது விழுந்துவிட்டாளோ. அதெல்லாம் இருக்காது என்று அவளுக்கே தெரியும். இன்று வராமல் இருப்பதற்கு அந்தப் பெண்ணுக்குக் காரணம் இருக்கிறது, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. தெரிந்திருந்தும் அடுத்த வண்டி வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராமலே போனால் எங்கே என்று தேடுவது? பாட்டு முணுமுணுக்கும் பல் டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கிழக்குக் கோடி முழுக்க விசாரிப்பதா? விசாரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன வேலை.

மணி பார்த்தாள். இனி பறந்து போனாலும் கேட் மூடித்தான் இருக்கும். போனால் போகிறது, ஊரில் மெஷினுக்கா பஞ்சம். கைப்பையைத் தோளில் இறுக்கி மாட்டிக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

ஐந்தாவது வண்டி.

கூட்டம் கலைந்த பிறகு, கடைசிப் பெட்டியின் பக்கமிருந்து சாப்பாட்டுப் பை குலுங்க அந்தப் பெண் ஓடி வந்தாள். கார்டை அங்கிருந்தே கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"லேட்டாயிடுச்சுக்கா. நீங்க இன்னைக்கு நிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்க போறது. கார்டக் குடு."

தையல்காரி கைப்பையைத் திறந்தாள். தன் கார்டை எடுத்து நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. காலையிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும், ஒவ்வொரு பெட்டியிலும் சொல்லிக்கொண்டிருப்பதையேதான் இங்கேயும் சொன்னது. தூரத்துக்கு ஏற்ற கட்டணம் நேற்றோடு முடிந்தது. இன்று முதல் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம்.

வேறு யாருக்கோ சொல்வதுபோல இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அறிவிப்பு முடிந்ததும் கார்டை மாற்றிக்கொண்டார்கள்.