சேற்றில் போட்ட பலகை

"இந்தப் பொம்பளைக்குச் சோம்பேறித்தனம் மட்டுமில்ல, திருட்டுப் புத்தியும் இருக்கு!"

தலைவர் ஜெலியான் போட்ட சத்தத்தில் பொதுக்கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மலேசியாவின் சரவாக்கில் ஆற்றோரத்து நீளவீடு அது. ஒரே கூரையின் கீழ் இருபத்து மூன்று ஈபான் பழங்குடிக் குடும்பங்கள். எதிர்ப் பாயில் சுலாங் அம்மா மட்டும் நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

ஊரே சதுப்பில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டது. அவள் நிலம் மட்டும் சேறும் சகதியுமாகக் கிடந்தது. அதில் மிடின் மண்டிக் கிடந்தது. ஒரு வகைப் பெரணிச் செடி. சுருண்ட கொழுந்தை வதக்கிச் சாப்பிடுவார்கள்.

"உன் களை என் செம்பனை மேல ஏறுது. மருந்தடிச்சு ஒழிச்சாகணும். மாட்டேன்னா ஒரு பன்னி அபராதம்!"

"மருந்தடிச்சா என் பொழப்பே போச்சு தலைவரே. மிடினுக்கு மண்ணு புளிச்சிருக்கணும். காலுக்குச் சேறு, தலைக்கு வெயில், அவ்வளவுதான். உரம் கேக்காது, ஆள் கேக்காது. விடியக்காலையில ஒடிச்சா மறுபடி துளிர்க்கும். அதை வித்துதான் சாப்பிடறேன்."

"ஆள் கேக்காதாம்! உனக்குன்னே கடவுள் படைச்ச செடி."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"சரி, திருட்டுக்கு வருவோம். நீ ஆத்து வழியா படகுலதானே உன் நிலத்துக்குப் போற? அப்புறம் எங்க தோட்டத்துப் பக்கமா சேத்து மேல எதுக்கு நாலு பலகை போட்டு வெச்சிருக்கே? ஆள் இல்லாத நேரம் ஏறி வந்து எங்க பழக்குலையை வெட்டவா?"

அவள் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். ஜெலியானுக்கு அது போதும். குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதானே!

"சனிக்கிழமை மருந்தடிக்கிறோம். யாருக்காவது ஆட்சேபணை?"

"சனிக்கிழமையா!" பதறிப்போய் எழுந்தது வேறு யாருமில்லை, அவர் மனைவியேதான். "ஞாயித்துக்கிழமை பாதிரியார் சாப்பிட வர்றாரு. மிடின் வதக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேனே!"

"அதுக்கென்ன? எப்பவும்போல சந்தையில வாங்கு."

மனைவி தலையைக் குனிந்து பாயைப் பார்த்தாள்.

"என் மருமக மாசமா இருக்கா. மிடின் இல்லாம அவளுக்குச் சோறு இறங்காது," என்றாள் லேமோக் அம்மா.

"எங்க வீட்டுலயும் அதேதான்," என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

"இயற்கைன்னு ஒண்ணு இருக்கில்ல தலைவரே?" என்றார் ஒருவர். காலையில் மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றவர்!

வீட்டுக்கு வரும் மிடின் எந்த நிலத்தது என்று ஜெலியானுக்கு இப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானம்தான் இறால் விழுது போட்ட மிடினை இரண்டு தட்டு ஒரு பிடி பிடித்திருந்தார். வெட்கமாக இருந்தது. தலைவராயிற்றே, காட்டிக்கொள்ள முடியுமா?

தொண்டையைக் கனைத்தார். "இயற்கையைக் காப்பாத்தறது நம்ம கடமை. மருந்தடிக்கிறது ரத்து!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

கூட்டம் கலைந்ததும் ஜெலியான் சுலாங் அம்மாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாரும் உன் நிலத்துலதான் பறிக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் தலைவரே."

"அப்புறம் ஏன் சொல்லல? அந்தப் பலகை எதுக்குத்தான் போட்டே?"

"போன மழையில உங்க வீட்டம்மா கூடையோட இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டாங்க. கூப்பிட்டா கூச்சப்படுவாங்களேன்னு ஒரு கட்டையைத் தள்ளிவிட்டுட்டு ஒளிஞ்சுகிட்டேன். மறுநாளே பலகையைப் போட்டுட்டேன். சேறு மிடினுக்குத்தானே வேணும் தலைவரே, மனுஷங்களுக்கு எதுக்கு?"