கூட்டி எழுதுங்க

"அரிசிமாவு பிஸ்கட்டு ஐயா, வீட்ல செஞ்சது" என்று டப்பாவைக் காரின் முன்மூடிமேல் வைத்தான் ஃபர்ஷீத். "விலை இறக்கத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதுங்க."

இன்ஜினியர் கல்ஹோர் டப்பாவை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார். ஈரானின் கெர்மான்ஷா நகரக் கோர்ட்டுக்காகக் கார்களுக்கு மதிப்புப் போடுகிறவர். பெயின்ட்டின் கனம் பார்க்கத்தான் அவருக்கு மீட்டர் வேண்டும். மனிதர்களைக் கண்ணாலேயே அளந்துவிடுவார். அவர் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை.

கார் மலீஹெ அம்மாளுடையது. ஓய்வுபெற்ற நர்ஸ். கோர்ட் முற்றத்தின் மறுகோடியில், மல்பெரி மர நிழல் பெஞ்சில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர்போல் உட்கார்ந்திருந்தார். வெயிலில் நின்று மன்றாடுவது இவன். மாமியார் காருக்கு இப்படி உருகுகிற மாப்பிள்ளைகளைக் கல்ஹோர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மீட்டரைப் பின்கதவில் வைத்தார். நானூற்றுச் சொச்சம் காட்டியது; கம்பெனிப் பெயின்ட் என்றால் நூற்றைம்பதைத் தாண்டாது. பின்பக்கத் தகட்டையே வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்திருந்தார்கள். பழுது பார்த்த செலவை இன்சூரன்ஸ் கொடுத்தாயிற்று. விற்கும்போது குறைகிற விலை இருக்கிறதே, அதை இடித்தவன்தான் தன் கையிலிருந்து தர வேண்டும்.

"நாப்பத்தஞ்சு மில்லியன் தோமான்" என்றார்.

"அறுபது போடுங்க ஐயா."

"ஏன் தம்பி கஞ்சத்தனம்? புதுக் காரே கேளேன்."

"அறுபதுன்னா அறுபதுதான் ஐயா. வாங்கறேன்னு கைகொடுத்துட்டுப் போன ஆளு, அடிபட்டதைப் பார்த்துட்டு இப்ப அறுபது குறைச்சுக் கேக்கறான். மாசக் கடைசிக்குள்ள வீட்டுக்காரனுக்கு அட்வான்ஸ் ஏத்திக் கட்டணும். அதுக்குத்தான் அம்மா காரையே விக்கறாங்க. குறைஞ்சா சாமானெல்லாம் தெருவுல."

"இதைப் பேசித் தீர்த்துக்க மாட்டீங்களா? கோர்ட்டு வரைக்கும் வரணுமா?"

"பேசாமலா ஐயா? 'எடுத்துக்குங்க'ன்னா, 'ஐயோ வேணாம், உசுருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே போதும்.' அப்புறம் டீ. மறுபடி 'எடுத்துக்குங்க', மறுபடி 'வேணாம்', மறுபடி டீ. நாலு தடவை போய் டீ குடிச்சதுதான் மிச்சம். கோர்ட்டு எழுதிட்டா யாரும் வேணாம்னு சொல்ல முடியாதுல்ல? அதான், மனுப் போட வச்சதே நான்தான்."

அதில் பெருமை வேறு. அந்த அம்மா மரியாதைக்கு வேண்டாமென்று சொன்னதை, இவன் கோர்ட் முத்திரை குத்திக் கறக்கப் பார்க்கிறான். கல்ஹோருக்குக் காது சூடேறியது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். நான் வந்து..."

"நீ யாருன்னு எனக்குத் தெரியும். வாயை மூடு."

வாயை மூடிக்கொண்டான்.

கல்ஹோர் காரை இன்னொரு சுற்று வந்தார். தகடு வெட்டிய கார். அறுபது என்று எழுதினாலும் பொய்யாகாது, நாற்பத்தைந்து என்றாலும் பொய்யாகாது. இந்த இடைவெளிதான் அவர் தூக்கத்தைக் கெடுப்பது. ஒரு பக்கம் அட்வான்ஸ் கட்ட முடியாத அம்மாள். மறுபக்கம் இன்னும் வந்து சேராத ஒருவன். வர வெட்கமாயிருக்கும். அவனுக்காகப் பேச இந்த முற்றத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஏன்யா, இடிச்சவனும் மனுஷன்தானே? அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காதா?"

"ரெண்டு ஐயா. சின்னவளுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது."

எதிராளி வீட்டுப் பல்வரைக்கும் எண்ணி வைத்திருக்கிறான்! கல்ஹோர் இப்படியொரு கல்நெஞ்சனைக் கண்டதில்லை.

சத்தம் கேட்டு மலீஹெ அம்மாள் எழுந்து வந்தார். "இன்ஜினியர், நியாயமா என்ன வருதோ அதை எழுதுங்க. அதுக்குமேல ஒரு தோமான் எனக்கு வேணாம்." ஃபர்ஷீத்தைப் பார்த்து, "வெயில்ல நிக்காதப்பா, தலை வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்கே திரும்பிவிட்டார்.

"பார்த்தியா? அவங்க பெரிய மனுஷி" என்றார் கல்ஹோர். "நீ அவங்க வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டும் உனக்கு அந்தக் குணம் ஒட்டலையே."

"டீதான் ஐயா" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டே.

கல்ஹோர் முடிவு செய்துவிட்டார். நாற்பத்தைந்துதான். முகம் தெரியாத அந்த இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு அவரால் முடிந்த உதவி. யாருக்கும் தெரியாமல் செய்கிற நல்ல காரியம் என்பதால் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஏனோ ஆகவில்லை. பெஞ்சில் அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்த விதம் கண்ணை உறுத்தியது.

தாளை நீட்டினார். "காரைப் பார்வையிட்டதுக்கு முதல்ல கையெழுத்து. அப்புறம்தான் தொகையை எழுதுவேன். அந்த அம்மாவை எழுப்ப வேணாம், அவங்களுக்காக நீயே போடு."

ஃபர்ஷீத் பேனாவை வாங்கி, தாளை மேலிருந்து கீழே படித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

கல்ஹோர் எட்டிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்கய்யா போட்டிருக்கே? அது எதிர்மனுதாரர் இடம்!"

"இடிச்சவன் நான்தான் ஐயா, அறுபதே எழுதுங்க."