சூளை வளைவுக் குழி

"எவன்னு மட்டும் தெரியட்டும், கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடறேன்!"

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குள் ரோடு மேஸ்திரி கத்திக்கொண்டே நுழைந்தார். அவர் பின்னாலேயே, போன வருஷம் மாற்றலாகி வந்த ரோடு இன்ஜினியர். ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவரின் கையிலிருந்து தண்ணீர்க் குழாய் நழுவியது.

"யாரைச் சொல்றே? என்னய்யா ஆச்சு?"

"சூளை வளைவுக் குழிதான் அண்ணே. போன வாரம்தான் மூடினேன். இன்னிக்குப் பார்த்தா மறுபடி வாயைப் பிளந்துக்கிட்டு கிடக்குது. எவனோ வேணும்னே தோண்டறான்!"

டிரைவர் குனிந்து குழாயை எடுத்தார். தோண்டுகிறவர் அவர்தான். கடப்பாரை அதோ, வண்டிக்குள் பழைய போர்வைக்கு அடியில் கிடக்கிறது.

ஆசைப்பட்டா தோண்டினார் மனுஷன்? அந்த வளைவில் அடிபட்டவர்களை அள்ளி அள்ளி அவருக்குக் கை மரத்துப் போயிருந்தது. ஒரு வருஷம் ஏழு விபத்து, அடுத்த வருஷம் ஒன்பது, அதற்கடுத்த வருஷம் பன்னிரண்டு. வேகத்தடை கேட்டு அவர் ஏறாத ஆபீஸ் இல்லை. 'மெயின் ரோட்டில் போட விதி கிடையாது' என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு மழையில் அங்கே தானாகவே ஒரு குழி விழுந்தது. ஆழமில்லை, ஆனால் நல்ல அகலம். வண்டிக்காரர்கள் தூரத்திலேயே அதைப் பார்த்து, அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே பிரேக்கை மிதித்தார்கள். அந்த மாதம் முழுக்க வளைவிலிருந்து ஒரு அழைப்பு இல்லை. மேஸ்திரி வந்து குழியை மூடினார். மறுவாரமே இரண்டு பேர். அன்றைக்கு எடுத்ததுதான் கடப்பாரை.

விபத்துக் கணக்கு மளமளவென்று இறங்கியது. இந்த வருஷம் சைபர். தான் நட்ட வேகப் பலகையால்தான் என்று இன்ஜினியர் ஒரு கேடயம் வாங்கினார். தன் ஹெல்மெட் பிரசங்கத்தால்தான் என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் இன்னொன்று வாங்கினார். குழியை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

"ராப்பகலா அந்த வழியாப் போறவர் நீங்கதான். யாரையாவது பார்த்தீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"நான் எங்க சார் பார்த்தேன்? இவர் போடற ஒட்டு தானாவே பெயர்ந்திருக்கும்."

சொன்ன பிறகு டிரைவருக்கே சுருக்கென்றது. என்ன இருந்தாலும் எதிரே நிற்கிற மனுஷன். ஆனால் சொன்னது முழுப் பொய்யுமில்லை. மேஸ்திரி போடும் ஒட்டு, கடப்பாரை பட்டாலே பிஸ்கட் மாதிரி உதிரும். ஜல்லி இருக்கும், தார் இருக்காது. களவாணிப் பயல் என்று ஊர் திட்டும்போதெல்லாம், இவர் மட்டும் மனசுக்குள் அந்தக் களவுக்கு நன்றி சொல்லிக்கொள்வார்.

"கேள்விப்பட்டேன்." இன்ஜினியர் மேஸ்திரியை முறைத்தார். "தார் முழுங்கின்னுதானே உனக்கு ஊர்ல பேரு? என் பலகையால விபத்தே நின்னுபோன வளைவுய்யா அது. அங்க ஒரு குழி கிடந்தா யாருக்கு அசிங்கம்? நாளைக்கே கான்கிரீட் போடறோம். அதுவும் பெயர்ந்துது, உன் சீட்டு கிழிஞ்சிடும்!"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்வது பழகிப்போன தலை. இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

டிரைவர் வண்டியின் பின்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். கான்கிரீட்டா? இந்த வயசில், இந்த முட்டிவலியோடு, கான்கிரீட்டை எங்கே பெயர்ப்பது? அடுத்த வருஷக் கணக்கில் ஏறப்போகிறவர்கள் இப்போது எங்கேயோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

மேஸ்திரி மெல்ல வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையை நீட்டிப் போர்வையை விலக்கினார். கடப்பாரையை இழுத்து, அதன் முனையை விரலால் தடவினார். டிரைவர் பதறிப்போய் எழுந்தார்.

"மேஸ்திரி... அது வந்து..."

"முனை மழுங்கிப் போச்சே அண்ணே. பட்டறையில கொடுத்துத் தட்டி வாங்கிட்டு வரேன்."

டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

"என் தங்கச்சி புருஷனை அந்த வளைவுலேருந்து நீங்கதானே அள்ளிட்டு வந்தீங்க?" என்றார் மேஸ்திரி. "நான் கத்தினதெல்லாம் இன்ஜினியர் காதுக்குத்தான். குழிக்கு இடது ஓரத்துல ஒரு பைக் போற அளவுக்கு வழி விட்டிருக்கீங்க. பசங்க அதுல பறக்கறானுங்க. அடுத்த தடவை அதையும் சேர்த்துத் தோண்டிடுங்க."

"அடுத்த தடவையா? நாளைக்குக் கான்கிரீட்டாச்சேய்யா! கடப்பாரை எங்க இறங்கும்?"

மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்க மிச்சம் பிடிச்ச தார் ஒரு சொட்டுகூட என் வீட்டுக்குப் போகலை அண்ணே, எல்லாம் பள்ளிக்கூட ரோட்டுலதான் கிடக்குது. இத்தனை வருஷமா ஊர்ப்பேச்சு கேட்டுக்கிட்டு உங்களுக்காகத் தாரை முழுங்கினவன், நாளைக்கு சிமெண்டை முழுங்க மாட்டேனா?"