நஸ்ரினின் புள்ளி

பங்சார் காப்புறுதி அலுவலகத்தில் மத்தியான வெயில் கணினித் திரையில் பட்டுக் கூசுகிறது. எத்தனை பேரைச் சந்தித்தார்கள், எத்தனை பாலிசி விற்றார்கள் என்று காட்டும் வரைபடத்தில் முகவர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. கூட்டத்தை விட்டு எங்கோ உயரத்தில் நிற்கும் நஸ்ரினின் புள்ளி, எல்லாருடைய போக்கையும் காட்ட நடுவில் ஓடும் கோட்டையே தன் பக்கம் மேலே இழுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் தன் புள்ளி கோட்டுக்குக் கீழே கிடக்கிறது என்று குமுதாவுக்கு வயிறு எரிகிறது. “நஸ்ரின் புள்ளி தப்பா ஏறியிருக்கு லா. தூக்கிடு.” புள்ளிவிவரம் பார்க்கும் யூசுப் தலையாட்டுகிறான். “தூக்க வேணாம்க்கா. விலகி நிக்கிற புள்ளி கோட்டை ரொம்ப இழுக்காம, அதோட வெயிட்டைக் குறைக்கிற மெத்தட் இருக்கு.” தட்டுகிறான். கோடு இறங்கிக் கூட்டத்துக்குள் படிகிறது; குமுதாவின் புள்ளி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, எல்லாரையும் போல. அவள் முகம் மலர்வதற்குள், கோட்டிலிருந்து இன்னும் விலகிப்போன நஸ்ரினின் புள்ளி தனியாகச் சிவக்கிறது. “இப்பதான் அவங்க உயரம் நல்லா தெரியுது. அவங்களையே கூப்பிட்டுக் காட்டட்டுமாக்கா?”