யார் வழியில் வந்தது?

"ஒளிக்காம சொல்லுங்க. உங்க குடும்பத்துல யாருக்கோ இது இருந்திருக்கு. மறைச்சுத்தானே பொண்ணைக் கட்டிக் கொடுத்தீங்க?"

பாகல்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நீலவ்வா கத்தினாள். சம்பந்தி பாரவ்வா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி நாகவேணி படுத்திருந்தாள். காலையில்தான் அவளுக்கு வளைகாப்பு. "தலை வலிக்குது அத்தை, கண்ணுக்குள்ள பூச்சி பூச்சியா மின்னுது" என்று அவள் சொன்னதுமே, ஆரத்தித் தட்டைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடியவள் மாமியார் நீலவ்வாதான். "ஒரு தலைவலிக்கு இந்த ஆர்ப்பாட்டமா?" என்று சோள ரொட்டிப் பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கை வீங்கிப் போய்ப் பச்சை வளையல்கள் கழலவில்லை. நர்ஸ் ஒவ்வொன்றாக உடைத்தாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாகவேணியின் கணவன் மல்லேசப்பா கண்களை இறுக மூடிக்கொண்டான்.

டாக்டர் சுனந்தா வெளியே வந்தார். "பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. குழந்தை இன்னும் வளரணும், அதனால முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் பார்க்கலாம்." பாரவ்வா பக்கம் திரும்பினார். "உங்களுக்கோ, உங்க அக்கா தங்கச்சிக்கோ பிரசவத்துல இப்படி வந்திருக்கா?"

"எங்க பரம்பரையிலேயே இல்ல தாயி. நாலு பெத்தேன். வயல்லேர்ந்து நேரா வந்து பெத்தேன்."

"பொய்!" நீலவ்வா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "இருக்குன்னு சொல்லுங்கக்கா. உங்க கால்ல விழறேன், இருக்குன்னு சொல்லிடுங்க!"

"அம்மா! என்ன பேச்சு இது?" என்று மல்லேசப்பா அதட்டினான்.

"பொண்ணு வழியில மட்டும்தான் வரும்னு இல்லம்மா" என்றார் டாக்டர். "வயித்துல இருக்கிறதுல பாதி அப்பனோடது. அவர் வழியிலயும் வரலாம். உங்க பக்கம் யாருக்காவது?"

நீலவ்வா வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"டாக்டர்! கண்ணே தெரியலங்கிறாங்க!" உள்ளிருந்து நர்ஸ் கத்தினாள்.

நீலவ்வா டாக்டரின் கையைப் பற்றிச் சுவரோரம் இழுத்துப் போனாள். காதருகே என்னவோ சொன்னாள். டாக்டரின் முகம் மாறியது.

"இனி ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. வலிப்பு வராம இருக்க ஊசி போட்டு தியேட்டருக்குத் தள்ளுங்க!"

கதவு மூடிக்கொண்டது. பாரவ்வா முணுமுணுத்த பிரார்த்தனை பாதியில் நின்று நின்று தொடர்ந்தது. நீலவ்வா உட்காரவே இல்லை. கதவிலேயே கண்ணை நட்டு வைத்திருந்தாள்.

பூனைக்குட்டி கத்துவதுபோல் மெல்லிய அழுகை ஒன்று கேட்டது.

"பொம்பளப் புள்ள" என்றபடி வந்தாள் நர்ஸ். "எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். தாய்க்கு வலிப்பு வரல. பிழைச்சுட்டா."

நீலவ்வா அப்படியே தரையில் சரிந்தாள். பட்ட வசவையெல்லாம் மறந்து பாரவ்வா அவளைத் தாங்கிப் பிடித்தாள். மல்லேசப்பா ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டான்.

"டாக்டர்கிட்ட அப்படி என்னம்மா சொன்னே?"

நீலவ்வா அவன் முகத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். விட்டால் போய்விடுவானோ என்று பயந்தவள் போல.

"உன்னைப் பெத்தவ எப்படிச் செத்தான்னு சொன்னேன்."