சாம்பல் நிற வீடு

அலுவலக வரைபடத்தில் தன் வீட்டின்மேல் சாம்பல் நிறம் தீட்டியிருப்பதை அவள் மதியச் சாப்பாட்டுக்கு முன் பார்த்தாள்.

கன்னிமார் நகர், மூன்றாவது தெரு, மனை எண் பதினேழு.

குடியிருப்புக்கு மஞ்சள். கடைகளுக்கு நீலம். இன்னும் விலைபோகாமல் மிஞ்சியிருக்கும் வயலுக்குப் பச்சை. வீடு இருந்து ஆள் இல்லாவிட்டால் சாம்பல்.

அந்தப் புறநகர் முழுவதையும் அவளும் சேர்ந்து ஏழு பேர் வீடு வீடாகக் கணக்கெடுத்து நான்கு மாதமாக இப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தெரு ஜெரால்டுடைய பங்கு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவளுடையது.

ஜெரால்டு தவறு செய்யவில்லை. மூன்று பகல் போயிருக்கிறான். மூன்று முறையும் பூட்டு. விதிப்படி பக்கத்து வீட்டில் விசாரித்து, படிவத்தில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான்.

யாரும் வசிப்பதில்லை. கீழே: கோமளவல்லி, எண் பதினாறு.

பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

குடிவந்து பதினான்கு மாதம். காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள்.

அது அவளுடைய வீடு என்று ஜெரால்டுக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை. சொன்னதும், இத்தனை நாள் ஒரு பேயோடா டிபன் பாக்ஸைப் பங்கு போட்டேன் என்று கேட்டுச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள்.

போன வாரம் மட்டும் அவள் நாற்பத்தொரு வீடுகளுக்குச் சாம்பல் தீட்டியிருந்தாள். அதில் ஒரு வீட்டின் பின்புறக் கொடியில் ஈரத்துண்டு கிடந்தது. பார்த்தாள். கால் வலித்தது. தீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தத் துண்டின் கரை ஊதா. இப்போது எதற்கோ அது நினைவுக்கு வந்தது.

வரைபடம் மாலையில் அச்சுக்குப் போகிறது. நிறத்தை மாற்ற வேண்டுமானால், கையெழுத்துப் போட்டவரே மறுபடியும் போட வேண்டும்.

புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள்.

பகல் இரண்டு மணிக்குத் தெரு வேறு யாருடையதோ போல் இருந்தது. மாடியில் வற்றல் காய்ந்தது. எங்கோ குக்கர் கூவியது. ஒரு நாய் அவளை அயலாளாகப் பாவித்துக் குரைத்தது.

கோமளவல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவளின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பதினேழாம் எண் வீட்டைப் பற்றிக் கேட்க வந்ததாக அவள் சொன்னாள்.

"போன வாரமே ஒரு தம்பி வந்து கேட்டுட்டுப் போனாரேம்மா. அங்க யாரும் இல்ல. அந்தச் செம்பருத்தி மட்டும் வாடாம நிக்குது. யார் தண்ணி ஊத்தறாங்கன்னுதான் தெரியல."

நான்தான்.

சின்னச் சொல். தொண்டைவரை வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

தன் வீட்டு மதிலுக்கு மேல் ஏழெட்டுப் பூக்கள் மலர்ந்திருந்தன.

அவள் தண்ணீர் ஊற்றும் விடியலில் அவை மொட்டாக இருக்கும். அவள் திரும்பும்போது நனைந்த குடைபோல் சுருண்டிருக்கும். விரிந்து பார்த்ததில்லை. உள்ளே இத்தனை சிவப்பு இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

படிவத்தை மதில்மேல் வைத்தாள். பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். பையில் சாவியைத் துழாவினாள். இருட்டில் தானாகக் கைக்கு வரும் சாவி, வெயிலில் அகப்பட நேரமானது.

பூட்டு திறந்தபோது பின்னாலிருந்து கோமளவல்லியின் குரல் கேட்டது.

"வீட்டுச் சாவியெல்லாம்கூடவா ஆபீஸ்ல குடுத்து அனுப்பறாங்க?"

அவள் கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே போனாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து, செடியின் வேரில் மெதுவாக ஊற்றத் தொடங்கினாள்.